ஆர்க்கிளா, டைகர் ரோலா?

அயர்லாந்து ஸ்டீபிள்சேஸ், அதாவது தடை தாண்டி ஓடுற குதிரைப் பந்தயம்னா இந்த ரெண்டு குதிரையும் பேச்சுல வராம இருக்காது, ஆனா ரெண்டும் வேற வேற ரகம்.

ஆர்க்கிள், டாம் ட்ரீப்பர் பயிற்சி, ஓட்டுனது பாட் டாஃப். 1964, 65, 66னு வரிசையா மூணு தடவை இங்கிலாந்தோட பெரிய ஸ்டீபிள்சேஸ் பந்தயமான செல்டன்ஹாம் கோல்ட் கப் ஜெயிச்சுது. அதைவிட எனக்குப் பெருசா தோணுறது 1964 ஐரிஷ் கிராண்ட் நேஷனல்தான், ஹேண்டிகேப் ரேஸ்ங்கிறதால நல்ல குதிரைக்கு எடை ஏத்துவாங்க, ஆர்க்கிளோ ரெண்டாவதா வந்த குதிரையைவிட 30 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 13.6 கிலோ கூட சுமந்துட்டு ஜெயிச்சுது! கடைசில இது ஓடுனா ஒரு எடைப் பட்டியல், ஓடலைன்னா இன்னொண்ணுன்னு ஹேண்டிகேப் விதியையே மாத்த வேண்டியதாப் போச்சு. 1966ல இங்கிலாந்தோட கெம்ப்டன் மைதானத்துல ஓடுறப்போ கால் எலும்பு முறிஞ்சு ஓட்டம் முடிஞ்சுது, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

டைகர் ரோல் உருவத்துல சின்னது, தடை இல்லாத ஃபிளாட் ரேஸுக்காக வளர்த்தது. பயிற்சியாளர் கார்டன் எலியட் கைல வந்தப்புறம் 2018, 2019 ரெண்டு வருஷமும் இங்கிலாந்தோட எயின்ட்ரீ மைதானத்துல கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயிச்சுது, டேவி ரஸல் ஓட்டுனாரு. 30 தடை, 4 மைலுக்கு மேல. ரெட் ரம்ங்கிற குதிரைக்கு (1973, 74) அப்புறம் இந்தப் பந்தயத்தை அடுத்தடுத்து ஜெயிச்சது இது மட்டும்தான். வருஷா வருஷம் நடக்குற செல்டன்ஹாம் பந்தயத் திருவிழாலயும் 5 வெற்றி.

எயின்ட்ரீ நேஷனல்ல ஆர்க்கிள் ஓடுனதே இல்ல, கோல்ட் கப்பை டைகர் ரோல் ஜெயிச்சதில்ல. தரம்னு பார்த்தா நான் யோசிக்காம ஆர்க்கிள்னு சொல்லுவேன், குதிரைகளோட திறமைக்கு மதிப்பெண் போடுற டைம்ஃபார்ம் நிறுவனம் அதுக்குக் குடுத்த 212 ரேட்டிங்கை இன்னிக்கு வரைக்கும் எந்த ஸ்டீபிள்சேஸ் குதிரையும் தாண்டல.