பிபிஎஃப்பா, செராமிக்கா, வெறும் பெயின்ட்டா? சென்னைத் தெருவில் ஒரு சொகுசு காரின் கீறல் கணக்கு

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காரை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன். இடது முன்கதவில் தொடங்கிப் பின்கதவு முடியும்வரை ஒரே கோடு. ஏதோ ஒரு ஸ்கூட்டரின் பிரேக் லீவர் உரசிக்கொண்டே போயிருக்கிறது. கார் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பூக்கடை அக்கா "யாருன்னு கவனிக்கலியே தம்பி" என்றார். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். இன்னொருவர் "இதுக்கு எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்டார். மூன்றாமவர் காரின் விலையையே கேட்டார்.

சின்ன காரில் கீறல் விழுந்தால் ஜனங்கள் கீறலைப் பார்க்கிறார்கள். பெரிய காரில் விழுந்தால் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். அன்றைக்குக் கோட்டைவிட அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. அதன் பிறகு, பாதுகாப்புக்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் விசாரித்தேன். என் காரின் முன்பகுதிக்கு பிபிஎஃப் என்ற பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன். மைத்துனர் தன் காருக்கு செராமிக் போட்டார். நண்பர் ஒருவர் எதுவும் போடாமல் ஏழு வருடமாக ஓட்டுகிறார். மூன்றையும் பக்கத்திலிருந்து பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் செராமிக். இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். இது சிலிக்கா கலந்த திரவம். பெயின்ட்டின் மேல் காய்ந்து ஒரு சில மைக்ரான் கனத்தில் நிற்கும். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால், இந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், தூசி எளிதில் போகும், பளபளப்பு பிரமாதமாக இருக்கும். காக்கை எச்சம் பெயின்ட்டை அரிக்கும் முன் துடைக்கக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். அவ்வளவுதான். கல் தெறித்தால், ஹேண்டில் உரசினால் இது ஒன்றும் செய்யாது. கடையில் "9ஹெச் கடினம் சார்" என்பார்கள். அது பென்சில் முனையை வைத்து அளக்கும் அளவுகோல். வைரம், கண்ணாடி என்று சொல்லும் கடினத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு சங்கடம் நம் ஊர் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், முத்து முத்தாக நின்ற ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். மைத்துனர் காரின் பானெட்டில் முதல் கோடையிலேயே அதைப் பார்த்தேன்.

பிபிஎஃப் வேறு ஜாதி. டிபியு என்ற பாலியூரித்தேன் ஃபிலிம், 150 முதல் 200 மைக்ரான் கனம். கம்பெனியில் அடித்து வரும் மொத்தப் பெயின்ட்டே பெரும்பாலும் அந்தக் கனம் வராது. அதனால் கல் தெறிப்பை இது உண்மையாகவே வாங்கிக்கொள்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் டிப்பர் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேலோட்டமான கீறல் விழுந்தால், வெயில் சூட்டில் ஃபிலிம் தானாகவே கூடிக்கொள்ளும். இதை நானே பார்த்தேன், நம்ப முடியவில்லை.

ஆனால் பெரிய செடானுக்கு முழுக்க ஒட்ட ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை கேட்கிறார்கள். டிபியு என்று சொல்லிவிட்டுப் பிவிசி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சீக்கிரமே மஞ்சளடித்துவிடும். ரோல் பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபிலிமை மெஷினில் அளவாக வெட்டி எடுத்து வருவீர்களா, அல்லது காரின் மேல் போட்டு பிளேடால் வெட்டுவீர்களா? காரின் மேல் வைத்து வெட்டும்போது கை ஒரு துளி அழுந்தினாலும் விளிம்பெல்லாம் பெயின்ட்டில் பிளேடு கோடு விழும். ஃபிலிமைக் கழற்றும் நாளில்தான் அது தெரியவரும். ஏற்கெனவே ரீபெயின்ட் ஆன பாகமாக இருந்தால், கழற்றும்போது பெயின்ட்டே கூட வந்துவிடலாம். ஆயுத பூஜைக்குப் பானெட்டில் மஞ்சளும் சந்தனமும் வைப்பது நம் வீட்டு வழக்கம். ஃபிலிமில் மஞ்சள் கறை ஏறினால் லேசில் போகாது. நான் இப்போது நம்பர் பிளேட்டுக்குத்தான் பொட்டு வைக்கிறேன்.

எதுவும் போடாத நண்பரின் காரை முதலில் பார்த்தபோது கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு கிட்டப்போய்ப் பார்த்தால், அவர் பெயின்ட் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது! காரணம், கழுவும் முறை. நம் அடுக்குமாடிகளில் காலையில் கார் துடைக்க வரும் தம்பி ஒரே பக்கெட், ஒரே துணியில் பத்து காரைத் துடைக்கிறார். முதல் காரின் மணல் பத்தாவது காரின் மேல் தேய்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும் வட்டக் கோடுகள் முக்கால்வாசி இப்படி வந்தவைதான். குற்றம் அந்தத் தம்பியுடையது இல்லை, மாதம் சில நூறு ரூபாய்க்கு அவர் வேறென்ன செய்ய முடியும்? நண்பர் அவருக்கு இரண்டு பக்கெட்டும் அரை டஜன் மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்து, சம்பளத்தையும் கூட்டிக் கொடுத்தார். "தூசி இருந்தா துடைக்காதே, தண்ணி ஊத்து" என்ற ஒரே ஒரு விதிதான். தூசி படிந்த காருக்குக் கவர் போட்டு மூடுவதும் அவர் செய்வதில்லை, காற்றில் கவர் ஆடும்போது அதுவே உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும் என்பார்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முன் பம்பர், பானெட், சைடு மிரர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் நல்ல ஃபிலிம். மீதியை வெறும் பெயின்ட்டாக விட்டு ஒழுங்காகக் கழுவுவது. செராமிக்குக்குக் கொடுக்கும் காசை நான் துடைக்கிற தம்பிக்குக் கொடுப்பேன்.

காரை இன்னும் வாங்கவில்லை என்றால் நிறத்தையும் யோசியுங்கள். கறுப்பு அழகுதான், என்னுடையதும் கறுப்புதான். ஆனால் எல்லாக் கீறலும் அதில் பேசும். சில்வரில் பாதி கண்ணுக்கே தெரியாது. சாதா வெள்ளையை ரீபெயின்ட் செய்வது சுலபம். முத்து வெள்ளை அப்படியில்லை. அது மூன்று அடுக்குப் பெயின்ட், ஒரு கதவை அடித்தால் பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் பரப்பி அடித்தால்தான் நிறம் சேரும்.

சரி, கீறல் விழுந்துவிட்டது. அடுத்து என்ன? இன்சூரன்ஸ் க்ளெய்மா, சொந்தக் காசா, இடித்தவரிடம் வாங்குவதா?

நகத்தை வைத்துக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சில்தான் கீறல். பாலிஷில் போய்விடும். மயிலாப்பூர் கோட்டில் எனக்கு முக்கால்வாசி அப்படித்தான் போனது. பின்கதவுக் கைப்பிடிக்கு அருகில் இரண்டு அங்குலம் மட்டும் நின்றுவிட்டது. ரீபெயின்ட் செய்ய மனம் வரவில்லை, டச்சப் பேனாவால் மூடி வைத்திருக்கிறேன். பெயின்ட் உடையாமல் வெறும் சொட்டை மட்டும் என்றால், உள்ளிருந்து கம்பியால் தள்ளி எடுக்கும் பிடிஆர் ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகுமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்தப் பாகம் அலுமினியம், பல சொகுசு கார்களில் பானெட் அப்படித்தான். அலுமினியத்தில் சொட்டை எடுக்கத் தனிக் கைத்திறன் வேண்டும். பம்பர் விஷயம் வேறு, அது பிளாஸ்டிக். அதன் பின்னால் ரேடார் இருக்கும் காரில், வெளிக் கடையில் பட்டி வைத்துக் கனமாகப் பெயின்ட் அடித்தால் ரேடார் சரியாகப் பார்க்காது. அதற்குக் கம்பெனி சர்வீஸ்தான்.

க்ளெய்ம் கணக்குக்கு வருவோம். இதைப் பலர் போடுவதே இல்லை. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யம். ஒரு உதாரணத்துக்கு, உங்கள் சொந்தச் சேத பிரீமியம் (நம் காரின் சேதத்துக்கான பங்கு) 1,20,000 ரூபாய், 50 சதவீத போனஸில் 60,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். க்ளெய்முக்குப் பிறகு முதல் வருடம் 60,000 கூடுதல், அடுத்து 36,000, அப்புறம் 30,000, 18,000, 6,000. கூட்டினால் ஒன்றரை லட்சம். கார் மதிப்பு வருடா வருடம் குறைவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் இருபதாயிரம் ரூபாய் பம்பர் பெயின்ட்டுக்குக் க்ளெய்ம் போடுவது எவ்வளவு நஷ்டம் என்று தெரிகிறதல்லவா? போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் கதை வேறு.

பெரிய சேதத்துக்கு யோசிக்கவே வேண்டாம், க்ளெய்ம்தான். ஒரு பக்க எல்இடி ஹெட்லைட் மட்டுமே பல மாடல்களில் லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இடிபடுகிற முன்பகுதியில் நிறையப் பிளாஸ்டிக் என்பதை மறக்காதீர்கள். ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதையும் பாலிசியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மிஸ்டர் பீன்' நடிகர் ரோவன் அட்கின்சன் 2011-இல் தன் மெக்லாரன் எஃப்1 என்ற அரிய காரை மரத்தில் மோதினார். அதைச் சரிசெய்ய இன்சூரன்ஸ் கொடுத்தது சுமார் 9,10,000 பவுண்ட். உலகமே செய்தி போட்டது. அவர் அதைத் திரும்ப ஓட்டி, 2015-இல் விற்கும்போது அதன் ஓட்டம் 41,000 மைல். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவ்வளவு விலையுள்ள வண்டியைக் கண்ணாடிக் கூண்டில் வைக்கவில்லை.

மூன்றாவது வழி, இடித்தவரிடம் வாங்குவது. சட்டப்படி, இடித்த இருசக்கர வாகனத்தின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் நம் சேதத்தைக் கேட்கலாம். அதற்குப் போலீஸ் புகார், தீர்ப்பாயம் என்று நடக்க வேண்டும். ஒரு பம்பருக்காக அதைச் செய்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மிச்சம் இருப்பது ரோட்டிலேயே பேசி வாங்குவது.

போன வருடம் அசோக் நகர் சிக்னலில் உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் பின்னால் வந்து இடித்தான். பம்பரில் ஒரு விரல் ஆழத்துக்குச் சொட்டை. கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் கையில் போன். "இவ்ளோ பெரிய வண்டி வச்சிருக்கார், பையனை விட்டுடுங்க சார்" என்று ஒரு குரல். "லைசென்ஸை வாங்குங்க சார்" என்று இன்னொன்று. இரண்டுமே அவனைப் பார்த்துச் சொன்னவையில்லை, காரைப் பார்த்துச் சொன்னவை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சார், ஆயிரம் ரூபாதான் இருக்கு சார்" என்றான்.

அடி பட்டதா என்று கேட்டேன், முட்டியில் சிராய்ப்பு. இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அவனிடம் கடிந்து பேசியிருந்தால் அந்த வீடியோ எங்கே போயிருக்கும் என்ற பயமும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. அந்தச் சேதத்தைத் தாங்கும் சக்தி எனக்கு இருக்கிறது, அவனுக்கு இல்லை. அவனிடம் வாங்கியிருக்கக்கூடிய தொகை என் பெயின்ட் பில்லில் கால்வாசிகூட வராது. அன்று முதல் வருடத்துக்கு ஐம்பதாயிரத்தைக் கீறலுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன். அந்தப் பணம் தனியாக இருப்பதால் ரோட்டில் இறங்கும்போது கோபம் வருவதில்லை. இதுதான் மூன்று வழிகளிலும் எனக்கு அதிகம் உதவியது.

மற்ற கவனங்கள் எல்லாம் சமாளிக்கக் கூடியவை. குழந்தைகள் சாய்ந்து போட்டோ எடுக்கக் கேட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்பேன், பெல்ட் கொக்கி மட்டும் உரசாமல் பார்த்துக்கொள்வேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார் கேட்டால் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன், பூவைச் செல்லோடேப்பில் ஒட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. வெளியே தெரியாமல் இருக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனை பலருக்கு வரும். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. அதுவும் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய காரைத்தான் ஊரே எட்டிப் பார்க்கும்.

ஃபிலிமும் செராமிக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் பட்ட பாட்டை வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல ஜெர்மன் கார்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் சீட்டுக்கு அடியில். கதவு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தாலே சேதம் தொடங்கிவிடும். எஞ்சின் பாதுகாப்புக் கவர் இல்லாத பாலிசியில், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பெரும்பாலும் பணம் வராது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உயரமான இடத்தில் ஒரு நண்பர் வீட்டு வாசலை இப்போதே பேசி வையுங்கள். முடியாமல் கார் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்தபிறகும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். நீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.