போர் தண்ணீரா, மழைத்தண்ணீரா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மொட்டைமாடியில் தக்காளி வைத்தால் இரண்டு வழி: உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர்.

மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. வேர்த்தூவிக்குள் (வேரில் மயிர்போல் நீட்டியிருக்கும் பகுதி) இருக்கும் சாறு அதைவிடச் செறிவானது. அதனால் தண்ணீர் சவ்வூடுபரவலில், அதாவது செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு மெல்லிய சவ்வைத் தாண்டி, தானாக உள்ளே போகும். அப்புறம் இலைகள் நீராவியை விட விட, சைலம் என்ற நுண்குழாய்கள் வழியே மேலே இழுபடும்.

போர் தண்ணீரில் அந்தச் செறிவு வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடும். தொட்டியில் இன்னும் மோசம்: தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். எண்ணூர் கழிமுகத்தில் உப்புநீரில் வளரும் அலையாத்தி மரமான வெண்கண்டல் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிட்டு, மீதியை இலைவழியே வெளியேற்றும். தக்காளிக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது!

என் ஓட்டு மழைத்தண்ணீருக்கு. கோடையில் தீர்ந்துபோனால், சரி, போர் தண்ணீர்தான். ஆனால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். கொஞ்சமாகத் தெளித்தால் உப்புதான் சேரும்.