1,850 வெள்ளிக்கு வந்த ‘ரஜூலா’: பினாங்கு நண்பர்களே, இந்த ஆளிடம் மாட்டாதீர்கள்

நேற்று சாயங்காலம் நாலரைக்குப் பெட்டி வந்தது, ‘ரஜூலா’ என்ற பழைய பயணிகள் கப்பலின் மாடல் இருக்க வேண்டிய பெட்டி. ஆறு மணிக்கு நான் போலீஸ் நிலையத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையில் நடந்ததையும், அதற்கு முன் நாலு மாதமாக நடந்ததையும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 1,850 வெள்ளி, அதாவது ரிங்கிட். ‘இதெல்லாம் ஒரு காசா’ என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு அது மூன்று மாத ஓவர்டைம்.

ஆளின் பெயரையும் விற்பனைத் தளத்தின் பெயரையும் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. எல்லோரும் கைபேசியில் வைத்திருக்கும் வாங்கி விற்கும் செயலிகளில் ஒன்று, அவ்வளவுதான். கடைசியில் நாலு ஆலோசனை சொல்கிறேன், முதலில் கதையைக் கேளுங்கள்.

நான் கப்பல் மாடல் கட்டுகிறவன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். போன வருஷம் முடித்தது, தாமியா கம்பெனி பெட்டியில் பாகங்களாக விற்கும் 1:350 அளவு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் கடலில், ரிபல்ஸ் கப்பலோடு சேர்த்து ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தனவே, அந்தப் போர்க்கப்பல். நிஜக் கப்பல் 227 மீட்டர், என் அலமாரியில் இருப்பது 65 சென்டிமீட்டர். தளத்தைச் சுற்றியுள்ள கம்பி வேலியெல்லாம் மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்து எடுத்தது. அதை மடித்து ஒட்டவே இரண்டு மாதம் ஆனது. கொடிமரத்துக் கயிறுகளுக்கு, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி மெழுகுவர்த்திக்கு மேலே காட்டுவேன். பளபளப்பு ஏறி லேசாகத் தொய்கிற நொடியில் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் சிலந்தி நூல் மாதிரி வரும். ஒரு மூச்சு பிந்தினால் அறுந்துவிடும். பத்துக்கு எட்டு அறுந்துதான் போகும். என் மனைவி இதை ‘சாமி கும்பிடுற நேரம்’ என்பாள். அப்போது யாரும் கூப்பிடக்கூடாது.

அந்தக் கப்பலை அப்பா ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. வெள்ளக்காரன் சண்டைக் கப்பல். நாங்க வந்த கப்பலச் செய்ய மாட்டியா?” என்றார்.

அவர் வந்தது ரஜூலாவில். 1950. எட்டு வயது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பாட்டி இவர் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி அதன் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாராம். நம் வீடுகளில் ரஜூலா என்று சொன்னால் பழைய ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் பட்டறையில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) கம்பெனி ஓட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1974-ல் உடைக்கப்பட்டது.

கேட்டவர் 84 வயது மனிதர். செய்யாமல் இருக்க முடியுமா? ஆனால் தாமியா மாதிரி பெட்டியில் ரஜூலா வராது. நான் தேடின வரையில் எங்கும் இல்லை. என்னிடம் இருந்தது பக்கவாட்டு வரைபடம் ஒன்று, பழைய புகைப்படம் நாலு. உடற்பகுதியைப் பலகையில் இழைத்துச் செய்யலாம் என்று மரப்பலகைகளைக்கூட வாங்கி வைத்துவிட்டேன். அப்போதுதான், போன நவம்பரில், அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘எஸ்.எஸ். ரஜூலா, 1:200, ரெசின் அச்சு, 72 சென்டிமீட்டர், பித்தளைப் பாகங்களுடன், 2,000 வெள்ளி.’ ரெசின் அச்சு என்றால், ஒளி பட்டால் இறுகும் திரவத்தை வைத்து முப்பரிமாண இயந்திரத்தில் அச்சடிப்பது. பாதி கட்டிய மாடலின் படமும் இருந்தது.

சும்மா நம்பவில்லை. நானும் பரீட்சை வைத்தேன். “புகைக்கூண்டுல வெள்ளக் கோடு எத்தன தம்பி?”

உடனே பதில் வந்தது. “ரெண்டு அண்ணே. கறுப்புக் கூண்டு, ரெண்டு வெள்ளப் பட்டை. பி.ஐ. கம்பெனி கப்பல் எல்லாத்துக்கும் அதுதான் அடையாளம்.”

எனக்குள் ஒரு சந்தோஷம், ஆளுக்கு விஷயம் தெரிகிறது என்று. இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது. எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் அந்த இரண்டு கோடும் தெரியும். நான் வைத்தது ஒன்றாம் வகுப்புப் பரீட்சை.

பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பினான். “எங்க பாட்டியும் ரஜூலாவுலதான் அண்ணே வந்துச்சு. ஜெரஜாக் தீவுல எறக்கி வச்சு, உடுப்பையெல்லாம் அவிச்சுக் குடுத்தாங்கன்னு சொல்லும்.” அன்றைக்கு அப்பா பக்கத்தில் இருந்தார். கப்பலில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக இறக்கி வைத்த, பினாங்குக்குப் பக்கத்துத் தீவு ஜெரஜாக். அவரும் அங்கே தங்கவைக்கப்பட்டவர். பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். அப்புறம், “எந்த ஊருப் புள்ளையாம்? கேளு” என்றார். கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் என்று வந்தது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் பணம் போனது அந்த நிமிஷத்தில்தான். வங்கியில் போனது பிறகு.

“தளத்துல வாங்கினா அவங்க கமிஷன் புடிப்பாங்க அண்ணே, நேராப் போட்டீங்கன்னா 150 வெள்ளி கொறச்சுக்கிறேன்” என்றான். 150 வெள்ளிக்கு ஆசைப்பட்டு 1,850 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நவம்பரில் முன்பணம் 600. டிசம்பரில் “பித்தளத் தகடு சீனாவுலேருந்து எறக்கணும்” என்று மிச்சம் 1,250. கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது. யார் இது என்றேன். “அக்கா அக்கவுண்ட் அண்ணே, என்னோடது வேற பேங்க்.” சரி என்றேன். சரி என்றேனே!

ஜனவரியில் ஆரம்பித்தது சாக்கு. முதல் சாக்கிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “பிரிண்டர்ல நாசில் அடைச்சுக்கிச்சு அண்ணே.” மாடல் கட்டுகிறவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி ஊற்றுகிற இயந்திரத்துக்குத்தான் நாசில் என்கிற ஊற்று முனை உண்டு. ரெசின் இயந்திரத்தில் ஒரு தொட்டி, அடியில் ஒளி, படலம் படலமாக இறுகி மேலே ஏறும். அடைத்துக்கொள்ள அங்கே நாசிலே கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எனக்குப் புரிகிற மாதிரி எளிமையாகச் சொல்கிறான்போல என்று அவனுக்காக நானே வாதாடிக்கொண்டேன்.

அப்புறம் தைப்பூசம், ஆள் காவடி எடுக்கிறானாம். அப்புறம் சீனப் பெருநாள், கூரியர் மூடிவிட்டார்களாம். அப்புறம் அம்மாவுக்கு மருத்துவமனை. அதற்கு நான் “அம்மாவ மொதல்ல பாருங்க தம்பி, கப்பல் எங்க ஓடிடப்போகுது” என்று பதில் போட்டிருக்கிறேன். அந்தச் செய்தி இன்னும் கைபேசியில் இருக்கிறது. திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. வீட்டில் வேறு, “கப்பல் இன்னும் நாகப்பட்டினத்துலேயேதான் நிக்குதா?” என்று தினமும் ஒரு கேள்வி. அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

நேற்று வந்தது பெட்டி. தூக்கும்போது கனமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பிரித்தேன். முதலில் செய்தித்தாள், அதற்கடியில் உடைந்த தரை டைல்ஸ் துண்டு இரண்டு. கனம் அதுதான். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் உடம்பு. எஃகு ஸ்கேலை வைத்தேன். 38 சென்டிமீட்டர். 72 இல்லை, 38. பக்கவாட்டில் விரலை ஓட்டினால் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தட்டுப்படுகிறது. முனை வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. ஒழுங்காகக் கழுவவில்லை, ஒளியில் காயவைக்கவும் இல்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, மூக்கைப் பிடிக்கிற நாற்றம். காயாத ரெசின் தோலில் படக்கூடாது என்று அப்பா கையை இழுத்துவிட வேண்டியதாகிவிட்டது. அவர் அதைத் தடவிப் பார்க்கப் போயிருந்தார்.

முன்மூக்கைப் பார்த்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே உருண்டையாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ரஜூலாவின் முன்பக்கம் கத்தியை நட்டுவைத்த மாதிரி நேராக இறங்கும். இந்தக் குமிழ் மூக்கைப் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக்கு நிற்கும்போது தினமும் பார்க்கிறோமே, சரக்கு இறக்கிவிட்டு உயர்ந்து மிதக்கும் கொள்கலன் கப்பல்களில். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு கொள்கலன் கப்பல் கோப்பை அச்சடித்து அனுப்பியிருக்கிறான். பித்தளைப் பாகம்? ஒரு துண்டு இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். “இது அது இல்லையே” என்றார். எழுந்து டீ போடப் போய்விட்டார்.

அழைத்தேன், எடுக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். “சேம்பிள் மாறி வந்துருச்சு அண்ணே, திங்கக்கெழம பாக்கலாம்” என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக். முகப்புப் படமும் காணோம்.

தளத்துக்குப் புகார் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் பதில், இயந்திரம்தான். ‘பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்திருப்பதால் இந்த விவகாரத்தில் எங்களால் தலையிட இயலாது. உங்கள் அனுபவத்தை ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடுங்கள்.’ மதிப்பிட்டேன், ஒன்று. விளம்பரத்தையாவது எடுங்கள் என்று மறுபடி எழுதினேன். அதே பதில், அதே ஐந்து நட்சத்திரம்.

பண மோசடிப் புகாருக்கான 997-க்கு அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகப் பேசினார். எப்போது பணம் போட்டீர்கள் என்றார். டிசம்பர் என்றேன். எதிர்முனையில் ஒரு சின்ன அமைதி. பணம் போன உடனே அழைத்தால்தான் அது கணக்குக் கணக்காய்த் தாண்டுவதற்குள் பிடிக்க முடியுமாம். மூன்று மாதம் ஆறப்போட்டு அழைத்தவனிடம் அவர் என்ன சொல்வார்? போலீசில் புகார் கொடுங்கள் என்றார்.

போலீஸ் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர். எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டு வந்தவர் பொருள் என்ன என்ற இடத்தில் நின்றார். “கப்பால் மைனான்?” என்றார். விளையாட்டுக் கப்பலா என்று. விளையாட்டு இல்லை, மாடல் என்றேன். “மைனான் லா,” என்று அதையே அடித்துக்கொண்டார். என் புகாரில் இப்போது இருப்பது 1,850 வெள்ளிக்கு ஒரு பொம்மைக் கப்பல்.

வீட்டுக்கு வந்துதான், ஒரு கணக்கின் மேல் மோசடிப் புகார் உண்டா என்று பார்க்கும் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் அந்த அக்காவின் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கனவே புகார் பதிவாகியிருக்கிறது. அரை நிமிஷ வேலை. நவம்பரில் செய்திருக்க வேண்டிய அரை நிமிஷம்.

இன்னொன்று. நேற்று இரவு தூக்கம் வராமல் அந்தச் செயலியைத் திறந்தால், வேறு பெயரில் புது விளம்பரம், அதே பாதி கட்டிய மாடலின் படம். இந்த முறை ‘எம்.வி. சிதம்பரம்’, 1:200, 2,000 வெள்ளி. ரஜூலா 1926-ல் கட்டியது. சிதம்பரம் 1966-ல் பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கட்டி அப்புறம் இந்தியாவுக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரே படம்! அடுத்த பலி சிதம்பரத்தில் வந்த குடும்பமாக இருக்கும், அல்லது அதில் வந்த அப்பாவை வைத்திருக்கும் இன்னொரு மகன்.

ஆலோசனை என்று சொன்னேன் அல்லவா. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், 150 வெள்ளி குறைத்தாலும் சரி. பேசுகிறவன் பெயரும் கணக்குப் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கணக்கு எண்ணை முதலில் செமாக் மியூலில் போடுங்கள். உடற்பகுதியில் ஸ்கேல் வைத்து, உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதின தாளோடு வீடியோ கேளுங்கள், படம் வேண்டாம். ஏமாந்தது தெரிந்தால் அதே மணி நேரத்தில் 997. கடை முகவரி உள்ள வியாபாரி என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, ஐந்து வெள்ளிதான் கட்டணம். என் ஆளுக்கு முகவரியே இல்லை.

பாட்டி கதை சொல்கிறவனிடம் எச்சரிக்கை என்றும் எழுதலாம்தான். ஆனால் அந்தக் கதை பாதிப் பேர் வீட்டில் உண்மை. அதுதான் ஆத்திரம்.

இந்த ஆளிடம் யாராவது பணம் போட்டிருந்தால் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். என்னுடையதோடு ஒத்துப்போனால் என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் சேர்த்துக் குறிப்பிடுங்கள். சிதம்பரத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் இருந்தால் இப்போதே அழையுங்கள், நாளைக்கு வேண்டாம்.