எஃப்எம்2-விலிருந்து டி7000-க்கு: பழைய லென்ஸ் வைத்திருப்பவர் கணக்கு

நிக்கான் எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமராவைப் பல வருடம் வைத்துப் படம் எடுத்துவிட்டு, டி7000 என்ற டிஜிட்டல் கேமராவுக்கு மாறியவன் நான். இரண்டும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. வெளியே கிளம்பும்போது நான் எடுப்பது டி7000-ஐத்தான். அதனால் நடுநிலை என்று பாசாங்கு செய்யப் போவதில்லை.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 36 படத்துக்கு ஒரு ரோல், அதைக் கழுவத் தனிக் காசு, ஸ்கேன் பண்ண இன்னொரு காசு. ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிம் கடைகளில் கிடைத்த காலம் எப்போதோ போயிற்று. எங்கள் ஊரில் இன்று கலர் ரோல் கழுவ ஆளில்லை, கூரியரில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். டிஜிட்டலில் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) மாற்றலாம். சரி, இதில் வாதாட ஒன்றுமில்லை.

என் விஷயத்தில் முடிவைத் தீர்மானித்தது லென்ஸ்தான். கையால் ஃபோகஸ் செய்யும், நிக்கானின் பழைய ஏஐ-எஸ் வகை லென்ஸ்கள் மூன்று என்னிடம் இருக்கின்றன: 28, 50, 105 மி.மீ. கேனன் 1987-ல் மவுண்ட்டையே (லென்ஸ் பொருந்தும் வாய்) மாற்றியபோது பழைய எஃப்டி லென்ஸ்காரர்கள் தவித்துப் போனார்கள். நிக்கான் 1959-ல் வந்த எஃப் மவுண்ட்டை டிஜிட்டல் எஸ்எல்ஆர் வரை கொண்டுவந்தது. "எந்த நிக்கான் லென்ஸும் மாட்டும்" என்று கடையில் சொல்வார்கள். மாட்டும்தான். ஆனால் டி3100, டி5100, ஏன் டி90-ல்கூட இந்த லென்ஸ்களைப் போட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துவிடும். வெளிச்சத்தைக் குத்துமதிப்பாகக் கணித்து, படத்தைத் திரையில் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

டி7000-ன் மவுண்ட்டைச் சுற்றி ஒரு சின்ன முனை நகரும். லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) வளையம் அதைத் தள்ளும்போது, துளையின் அளவைக் குறிக்கும் எந்த எஃப் எண்ணில் இருக்கிறோம் என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும். லென்ஸின் குவிய நீளத்தையும் (28, 50 போன்ற மி.மீ. எண்) அதிகபட்ச அப்பர்ச்சரையும் மெனுவில் ஒருமுறை பதிந்துவைத்தால் போதும், ஒன்பது லென்ஸ் வரை நினைவில் கொள்ளும். அப்புறம் 'ஏ' மோடில் எஃப்எம்2-வில் போலவே வளையத்தைத் திருப்பிக்கொண்டே எடுக்கலாம், ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். 1977-க்கு முந்தைய, ஏஐ (அந்த முனையைத் தள்ளும் வளையம் கொண்ட வகை) ஆக மாற்றப்படாத லென்ஸை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த முனை உடையும்.

இதில் இழப்பும் உண்டு. சென்சார் சிறியது என்பதால் 28 லென்ஸ் 42 போலவும், 50 லென்ஸ் 75 போலவும் நடந்துகொள்கின்றன. கோயில் பிராகாரத்தை அகலமாக எடுக்க என்னிடம் இப்போது லென்ஸே இல்லை. வியூஃபைண்டரில் ஃபோகஸ் பார்க்க எஃப்எம்2-வின் இரண்டாகப் பிளந்து சேரும் வட்டமும் கிடையாது, ஃபோகஸ் சரி என்று சொல்லும் ஒரு பச்சைப் புள்ளிதான். 105-ஐ முழுக்கத் திறந்து முகம் எடுத்தால், புள்ளி எரிந்துகொண்டிருக்கும்போதே கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழும்.

வெயிலில் ஃபிலிம்தான் நல்லது. கலர் நெகட்டிவில் வெளிச்சம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூடினாலும் வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரியும். டிஜிட்டலில் அது சுண்ணாம்புச் சுவராகிவிடும். நண்பகலில் எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைத்து, ரா ஃபைலாக (சென்சார் பதிந்த மூலத் தரவாக) எடுத்து, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்கிறேன். தூசியும் ஒரு தொல்லை. ஃபிலிமில் ஒரு ஃபிரேமில் விழுந்த தூசி அந்த ஃபிரேமோடு போகும். சென்சாரில் ஒட்டியது எஃப்/16-ல் எடுக்கும் எல்லா வானத்திலும் கறுப்புப் புள்ளியாக வரும். ரப்பர் ப்ளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடுகிறது.

திருப்பி விற்பதென்றால் எஃப்எம்2-க்கு இன்றும் ஆள் வரும். பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும் பாடி அது, பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். டிஜிட்டல் பாடியின் விலையோ அடுத்த மாடல் வந்ததும் சரியும். அதனாலேயே டிஜிட்டலைச் செகண்ட் ஹேண்டில் வாங்கச் சொல்வேன். கையில் காசிருந்தால் டி7000-ஐ விட்டு, ஃபிலிம் ஃபிரேம் அளவு சென்சார் கொண்ட டி700, டி610 பக்கம் போகலாம். அவற்றிலும் ஏஐ மீட்டர் வேலை செய்யும், 28 லென்ஸ் 28 ஆகவே இருக்கும்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதையில்லை. நண்பரின் நிக்கான் இசட்6-ல், எஃப் மவுண்ட் லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு ஒரு மாலை மட்டும் எடுத்துப் பார்த்தேன். வியூஃபைண்டரிலேயே படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்க முடிந்ததால் 105-ன் காதுத் தொல்லை அன்று வரவில்லை.