சர்ப்பகந்தாவும் குக்குலுவும்: ஆய்வு சொன்ன இரண்டு பதில்கள்

இரண்டுமே ஆயுர்வேதத்தின் பழைய சரக்குகள். இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். கிடைத்த பதில்தான் வேறு.

சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931இலேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்டதை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அப்புறம் அளவு பிடிபட்டது. கூடவே மூக்கடைப்பு, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகளும் தெரிந்தன. வேரை இடித்துச் சூரணமாகக் கொடுத்தால் ஒவ்வொரு சிட்டிகையிலும் மருந்து எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

குக்குலு பிசின் கதை அவ்வளவு நேரானதல்ல. 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி, மேதோரோகம், அதாவது உடலில் கொழுப்பு மிகும் நோய் பற்றிச் சுஸ்ருதர் சொன்ன குறிப்பைப் பிடித்துக்கொண்டு முயல்களில் சோதித்தார். கொழுப்பு குறைந்தது. சரி, மனிதர்களுக்கு? 2003இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 103 பேர், எட்டு வாரம்: கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

என்னைக் கேட்டால், சர்ப்பகந்தாவைவிட குக்குலு ஆய்வுதான் நமக்கு அதிகம் தேவைப்பட்டது. வைத்தியரிடம் 'எந்த அளவு, எத்தனை நாள்?' என்று கேட்க அதுதான் துணிச்சல் தருகிறது.