ஆஸ்டின் வெட்டியது, டென்வர் வேன் அனுப்பியது

2020-ல், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் கொன்ற பிறகு, போலீஸுக்குப் போகும் பணத்தை மக்கள் சேவைக்குத் திருப்பச் சொல்லி அமெரிக்க நகரங்களில் மக்கள் நெருக்கினார்கள். டெக்சஸின் ஆஸ்டின் நேராக பட்ஜெட்டில் கைவைத்தது. மூன்றில் ஒரு பங்கு, சுமார் 15 கோடி டாலர் என்றார்கள். ஆனால் உடனே வெட்டியது 2 கோடி சொச்சம்தான், மீதியில் பெரும்பகுதி தடயவியல் ஆய்வகம் மாதிரி பிரிவுகளை வேறு துறைக்குத் தள்ளிவிடுகிற கணக்கு. அடுத்த வருடமே போலீஸ் பட்ஜெட்டை வெட்டும் பெரிய நகரங்களைத் தண்டிக்க மாநில அரசு சட்டம் போட்டது, பணம் பழையபடி போலீஸுக்கே போனது.

கொலராடோவின் டென்வரில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. ஒரு வேன், அதில் ஒரு மனநல நிபுணரும் ஒரு துணை மருத்துவரும். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பில் ஆபத்தில்லை என்றால் துப்பாக்கி, சீருடை எதுவும் இல்லாமல் இவர்கள் போய் நிற்பார்கள். முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள், ஒரு கைதுகூட இல்லை. பணம்? 2018-ல் மக்களே வாக்களித்து மனநலத்துக்கென்று ஒதுக்கிய விற்பனை வரி.

எனக்கு டென்வர் வழிதான் பிடிக்கிறது. என்ன, ஆரம்பத்தில் வார நாட்களில் பகலில் மட்டும்தான் அந்த வேன் ஓடியது. ராத்திரி கூப்பிட்டால்? அதே போலீஸ்தான்.