எத்தனை பட்டை ஓடுகிறது?

எங்கள் பேஸ்மென்ட்டில் நிற்கும் மிஸ் பேக்மேன், காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின், மிட்வே கம்பெனி 1982-ல் போட்டது. நியூஜெர்சியில் ஒரு பீட்சா கடையைக் காலி செய்தபோது வாங்கினேன். உள்ளே 19 அங்குல எலெக்ட்ரோஹோம் ஜி07 மானிட்டர். படம் வந்தது, ஆனால் நெளிந்து நெளிந்து வந்தது. கூடவே மங்கலாக ஒரு பட்டை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டே இருந்தது. (இந்த கேமில் மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் பட்டை செங்குத்தாகத் தெரியும்.)

எல்லாரும் சொல்கிறபடி கண்டென்சர்களை மாற்றினேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது, பட்டை போகவில்லை. சரி, நம் சாலிடரிங் லட்சணம்தான் என்று, சேஸிஸை (மானிட்டரின் சர்க்யூட் பகுதி) பார்சலில் வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் ஒருவருக்கு எழுதினேன். இந்த விமர்சனம் அவரைப் பற்றித்தான்.

பதிலில் விலை இல்லை. ஒரே கேள்வி: "எத்தனை பட்டை?"

கிண்டல் என்று நினைத்தேன், இல்லை. ஜி07-ல் ஏசி கரண்டை டிசி ஆக்க நாலு டயோடு பிரிட்ஜ் இருக்கிறது. அமெரிக்கக் கரண்டின் 60 ஹெர்ட்ஸ் அதைத் தாண்டும்போது 120 ஆகிவிடும். அந்த டிசியைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சர் போயிருந்தால், ஒரு படத்துக்கு இரண்டு அலை என்று இரண்டு பட்டை ஓட வேண்டும். ஒன்றுதான் என்றால் ஒரு டயோடு போயிருக்கும், அல்லது வெளியிலிருந்து எர்த் வழியாக மின் இரைச்சல் நுழைகிறது. இந்த கேம் விநாடிக்கு 60.6 படம் காட்டுகிறது. கரண்டோடு அந்த 0.6 ஒட்டாததால்தான் பட்டை நகர்கிறது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: பத்து சுற்றுக்குப் பதினாறு விநாடி சொச்சம். கணக்கு சரிதான்.

"ஒன்று" என்று எழுதினேன். "அனுப்பாதே, எர்த்தைப் பார்" என்றார். நான் கேட்பேனா? அனுப்பினேன்.

பதினொரு நாளில் திரும்பி வந்தது. பழுது எதுவுமில்லை, அவர் மேஜையில் பட்டை இல்லாமல் ஓடும் போட்டோவும் உள்ளே இருந்தது. சோதனைக் கட்டணம் 40 டாலர், அவ்வளவுதான். டயோடு மாற்றினேன் என்று நூறு டாலர் கூட்டியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கூடவே ஒரு துண்டுத்தாள்: மெஷின் அடியிலுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை (சுவர்க் கரண்டிலிருந்து மானிட்டரைப் பிரித்து வைப்பது) தாண்டி ஜி07-ஐ நேராகச் சுவர் பிளக்கில் செருகாதே, சேஸிஸே லைவ் ஆகிவிடும், கேம் போர்டோடு இணைத்தால் புகைதான்.

அப்புறம்தான் டார்ச்சோடு உட்கார்ந்தேன். பவர் கார்டின் மூன்றாவது பின்னை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். காசு போடும் கதவுக்குப் போக வேண்டிய பச்சை வயர் பாதியில் தொங்கியது. அந்தக் கதவைத் தொட்டால் சுள்ளென்று இருந்ததைக் கம்பளத்தின் வேலை என்று விட்டிருந்தேன். தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுச் சுள்ளென்றால் அப்பா எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்.

கடைசிக் குற்றவாளி மானிட்டருக்குப் போகும் வீடியோ கனெக்டருக்குள் இருந்தான். எர்த் பின் பழுப்பேறி, விரலால் தள்ளினால் ஆடியது. கேம் ஓடும்போது போர்டின் எர்த்துக்கும் மானிட்டரின் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட் ஏசி. புதுப் பின் அடித்து, மூன்று பின் கார்டு போட்டு, கதவுக்கும் மானிட்டர் ஃபிரேமுக்கும் பச்சை வயர் இழுத்தேன். பட்டை போய்விட்டது, நெளிவும் இல்லை.

அவர் பேக்கிங் அருமை, நெக் போர்டுக்கு (பிக்சர் டியூபின் பின்முனையில் செருகும் சிறு போர்டு) தனி ஃபோம். போன் எடுக்க மாட்டார், மெயிலில் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். "எந்த எர்த்?" என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு நாலு. என் சாலிடரிங்கில் ஒரு புள்ளியை மட்டும் அவரே திரும்ப வைத்து, பேனாவால் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.